சுகுணா வீட்டுக் கப்பி மீன்

கீரமங்கலத்தில் சுகுணாவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரே குறைதான் சொல்வார்கள். முதுகில் ஒரு குஞ்சம் கேட்டால் நாலு குஞ்சம் வைத்துவிடுவாள். அவளுக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. வீட்டில் மூன்று பேருக்குப் புளிச்சோறு கிளற உட்கார்ந்தால் தெருவுக்கே கிளறிவிட்டு, தூக்குவாளியோடு வீடு வீடாக ஏறி இறங்குவாள். சிரிப்பும் அப்படித்தான். ஆரம்பித்தால் மெஷினை நிறுத்திவிட்டு, தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரிப்பாள். புருஷன் ஆனந்தராஜ் நேர் எதிர். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் தராசுப் பக்கம் நின்று நின்று, பேச்சையும் எடை போட்டுத்தான் பேசுவான்.

இப்படிப்பட்ட சுகுணாவைச் சட்டென்று வாயடைக்க வைக்கிற கேள்வி ஒன்று இருந்தது. "ஏன்டி, பிள்ளைக்கு இன்னுமா காது குத்தல?"

மகள் அன்புமொழி யூகேஜி படிக்கிறாள். வகுப்பில் எல்லாப் பெண்பிள்ளைகளும் தோடு ஆட்டிக்கொண்டு போக, இவள் மட்டும் மூளிக் காதோடு போகிறாள். காசு இல்லாமலா? காசெல்லாம் இருந்தது. மடிதான் இல்லை. நம்ம பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் ஆசாரி காது குத்துவார். தாய்மாமன் திருமுருகன் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், கல்லு மாதிரி இருக்கிறார். ஆனால் தங்கச்சியோடு பேச்சுவார்த்தை இல்லை. அன்புமொழி பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவளைத் தூக்கியதில்லை.

சண்டை எதனால் என்று கேட்டால் நீங்களே தலையில் அடித்துக்கொள்வீர்கள். கஜா புயலில் சுகுணா வீட்டுக்குப் பின்னால் இருந்த அண்ணன் கொல்லைத் தென்னை ஒன்று வேலி தாண்டிச் சாய்ந்து அவள் மாட்டுக்கொட்டகை மேல் விழுந்தது. ஆனந்தராஜ் ஆள் பிடித்து மரத்தை அறுத்து அப்புறப்படுத்தினான். "எங்கப்பா வெச்ச மரத்த என்னையக் கேக்காம எப்படி அறுக்கலாம்?" என்றார் திருமுருகன். "மாடு அடியில கெடக்கு, நான் ஒனக்கு மனு எழுதிப் போட்டுட்டு ஒக்காந்திருக்கணுமா?" என்றாள் சுகுணா. மரம் வைத்தவர் அவளுக்கும் அப்பாதானே, அதை அண்ணனும் நினைக்கவில்லை, இவளும் சொல்லவில்லை. வார்த்தை தடித்தது. "இனி ஒன் வீட்டு வாசல மிதிச்சா என்னைய என்னன்னு கேளு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான்.

சுகுணாவின் சித்தப்பா மகனை மாமன் முறைக்கு உட்கார வைக்கலாம் என்று ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். "எம்பிள்ளைக்கு மாமன் உசிரோட இருக்கான். வாடகை மடி வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சிரிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மீன் வந்து சேர்ந்தது.

மகளுக்கு ஸ்கூல் ஷூ வாங்கப் புதுக்கோட்டைக்குப் போனாள். ஷூ வாங்கிவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு மீன் கடை. வாசலில் கண்ணாடித் தொட்டிகள், உள்ளே லைட்டு, லைட்டுக்கு நடுவே பாவாடை விரித்த மாதிரி வாலை விரித்துக்கொண்டு குட்டிக் குட்டி மீன்கள். அம்மாவும் மகளும் அப்படியே நின்றுவிட்டார்கள். இதில் யார் சின்னப்பிள்ளை என்று கடைக்கார சார்லஸுக்கே குழப்பம்.

"இதுக்குப் பேரு கப்பிக்கா. முட்டை போடாது, நேரா குட்டிதான் போடும்" என்றான்.

"குட்டியா? ஆடு மாதிரியா?"

"ஆடாவது ரெண்டு போடும். இது ஒரு தடவைக்கு இருபது முப்பது போடும். நீங்க புதுசுங்குறீங்க, சின்னத் தொட்டி வேற. ஆண் மீனா மட்டும் ஆறு எடுத்துக்கங்க. கலரும் அதுலதான். பெருகாது, ஒங்களுக்கும் தொந்தரவு இல்ல."

"பொம்பள இல்லாத வீடு ஒரு வீடா தம்பி? ரெண்டு ஆணு, நாலு பொண்ணு போடு."

சார்லஸ் போட்டான். தொட்டி, காற்று விடுகிற மோட்டார், மணல், ஒரு கட்டு பாசி எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுப் பாடமும் சொன்னான். தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும். தீனி ஒரு சிட்டிகைதான். பாசியை நெருக்கமாகப் போட வேண்டும், குட்டி ஒளிய இடம் வேண்டும், இல்லையென்றால் தாயே தின்றுவிடும்.

"பெத்தவளா திங்கிறா?" சுகுணாவுக்கு நெஞ்சு பதறிவிட்டது. "காக்காய்க்குக்கூடத் தன் குஞ்சு பொன்குஞ்சுங்குறாங்க!"

"காக்காய்க்கு சரிக்கா. இது கப்பி."

பஸ்ஸில் ஏறியதும் தொடங்கியது கூத்து. தொட்டி மடியில், மகள் தொட்டி மேல், மீன் பை சுகுணா கையில். ஆலங்குடி போவதற்குள் கை மரத்துப்போய், பை பக்கத்து சீட்டுக்காரம்மா கைக்குப் போனது. அங்கிருந்து முன்சீட்டுப் பெரியவர், அங்கிருந்து ஒரு காலேஜ் பையன் என்று பை பஸ்ஸுக்குள் ஊர்வலம் வந்தது. வாங்கிய ஒவ்வொருவரும் தூக்கி லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு கருத்தும் சொன்னார்கள். "பொரிச்சா வாயில ஒட்டக்கூட ஒட்டாதே" என்றார் பெரியவர். சுகுணா சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். கீரமங்கலத்தில் இறங்கும்போது பஸ்ஸே எட்டிப் பார்த்து, "பத்திரமாக் கொண்டுபோங்கக்கா" என்று வழியனுப்பியது.

தொட்டி தையல் மெஷினுக்கு எதிரே ஸ்டூலில் ஏறியது. அன்றிலிருந்து ஜாக்கெட்டெல்லாம் தாமதம். கை தைக்கும், கண் தொட்டியில் இருக்கும். ஒருத்தி ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டாள்.

ஒரு காலையில் மோட்டாரைத் துடைக்கக் குனிந்தவள் வீல் என்று கத்தினாள். கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆனந்தராஜ் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"என்னடி, கரண்ட் அடிச்சிருச்சா?"

"பிள்ள பெத்துட்டாங்க! பெத்துட்டாங்க!"

பாசிக்குள்ளே, கடுகுக்குக் கண்ணும் வாலும் முளைத்த மாதிரி, குட்டிகள். சுகுணாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரிய மீன் ஒன்று வாயைத் திறந்துகொண்டு குட்டிப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், அடுப்படிக்கு ஓடி டீ வடிகட்டியை எடுத்துவந்து ஒவ்வொன்றாக அள்ளி எவர்சில்வர் அண்டாவில் விட்டாள். ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு சார்லஸுக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொன்னாள்.

"எல்லாத்தையுமா காப்பாத்துனீங்க? அக்கா, கொஞ்சத்த அது பாட்டுக்கு விட்டுரணும்கா. இல்லைன்னா தாங்காது."

"நீயெல்லாம் ஒரு மனுசனா தம்பி" என்று போனை வைத்தாள்.

அவன் சொன்னது சரி என்று தெரிய நாளாகவில்லை. நாலு பெண் மீனும் முறை வைத்துப் பெற்றன. காப்பாற்றிய குட்டிகள் வளர்ந்து அவையும் பெற்றன. அண்டா போய், குண்டான் போய், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டி போனது. ஒரு நாள் ஆனந்தராஜ் இடுப்பில் துண்டோடு கொல்லையில் நின்று, "குளிக்க ஒரு வாளியாவது மீன் இல்லாம இருக்கா?" என்று கேட்டான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமாக ஒரு கேள்வி கேட்டதில்லை. கம்மாயில் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்றால், கண்ட மீனையும் அங்கே விட்டால் இருக்கிற மீனுக்குக் கேடு என்று சார்லஸ் அதையும் தடுத்துவிட்டான்.

அப்போது பார்த்துத்தான் எதிர்வீட்டில் புதுமனை புகுவிழா வந்தது. எல்லோரும் குத்துவிளக்கும் குடமும் எடுத்துக்கொண்டு போக, சுகுணா ஒரு கண்ணாடி ஜாடியில் பத்துக் கப்பியை விட்டு, ஜாடியின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொண்டு போனாள். வீடே கூடி வேடிக்கை பார்த்தது. குத்துவிளக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்து ஒரு வளைகாப்பு, ஒரு கடை திறப்பு, ஒரு சடங்கு, எல்லாவற்றுக்கும் ஜாடி, மஞ்சள் கயிறு, கப்பி.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனாள். சும்மா கொடுத்திருந்தால் சும்மாவே போயிருக்கும். தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தால் அது செய்முறை. நம்ம ஊரில் செய்முறை வாங்கியவர்கள் செத்தாலும் திருப்பாமல் சாகமாட்டார்கள். அதுவும் வாங்கினபடியே திருப்பக்கூடாது. சரிக்குச் சரி வைத்தால், உன் சங்காத்தம் இத்தோடு போதும் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. கூட ஒன்றாவது வைத்தால்தான் உறவு நிற்கும்.

பத்துக் கப்பி வாங்கிய எதிர்வீட்டுக்காரி பதினைந்தாகத் திருப்பினாள். அவளுக்கு என்ன கஷ்டம், அங்கேயும் அது பாட்டுக்குப் பெருகிக்கொண்டுதானே இருந்தது. சுகுணா வீட்டில் விசேஷம் வரட்டும் என்று யாரும் காத்திருக்கவுமில்லை. ஆனந்தராஜ் புது போன் வாங்கியதற்கு ஒரு ஜாடி வந்தது. பசு கன்று போட்டதற்கு ஒரு ஜாடி. அன்புமொழிக்கு முன்பல் விழுந்ததற்கு ஒருத்தி தாம்பாளத்தோடு வந்து, பொக்கைவாய்ப் பிள்ளைக்குக் குங்குமம் வேறு வைத்துவிட்டுப் போனாள். சுகுணா ஒவ்வொரு ஜாடியையும் வாங்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனந்தராஜ் பக்கத்து வீட்டுக் குழாயில் குளித்தான்.

"பேசாம பிள்ளைக்குக் காதுகுத்து வைடி. எல்லாரும் மொத்தமா வந்து முடிச்சுட்டுப் போறோம்" என்றாள் பக்கத்து வீட்டு ராக்காயி. அவள் திருமுருகன் மனைவி வனிதாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உள்ள ஒரே ஆள்.

சுகுணாவின் சிரிப்பு நின்றது. ஜாடிகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணன் வீட்டுல புதுசா போர் போடுறாங்களாமே, தண்ணி வந்துருச்சா?"

"நேத்துதான் வந்துச்சு. இளநி மாதிரி தண்ணி. நாளைக்குப் பூசை போடுறாங்க."

அன்று சாயங்காலம் சுகுணா ஒவ்வொரு தொட்டியாக உட்கார்ந்து பார்த்து மூன்றே மூன்று மீன் எடுத்தாள். ஒரு ஆண், இரண்டு பெண். எதையும் அள்ளிக் கொடுக்கிறவள் மூன்றோடு நிறுத்தியதைப் பார்த்து ஆனந்தராஜுக்கே ஆச்சரியம்.

"எண்ண லேசா இருக்கணும்ங்க" என்றாள். "திருப்பணும்னா அண்ணனுக்குச் சுமையா இருக்கக்கூடாது."

பெரிய ஊறுகாய் பாட்டிலைத் தேய்த்துக் கழுவி, மீனை விட்டு, மஞ்சள் கயிறு கட்டி ராக்காயி கையில் கொடுத்தாள். குடமோ வேட்டியோ அனுப்பினால் அண்ணன் தெருவில் வீசுவார். உயிருள்ளதை எப்படி வீசுவார்? அதுதான் அவள் கணக்கு. அதற்கப்புறம் அவர் என்ன செய்வார் என்பதுதான் தெரியவில்லை. ஒன்று கூட வைத்துத் திருப்பினால் பிள்ளைக்கு மாமன் உண்டு. மூன்றை மூன்றாகவே திருப்பினால் தலைமுறைக்கும் இல்லை. நெருப்போடு விளையாடுகிறோம் என்று ராக்காயி போன பிறகுதான் உறைத்தது.

ராக்காயி திரும்பி வந்தாள். "பாட்டில வாங்குனாரு. யாரு கொடுத்தான்னு கேட்டாரு. சொன்னேன். திண்டுல வெச்சுட்டு மாட்டுக்குத் தீவனம் போடப் போயிட்டாரு."

அதன் பிறகு பதிலே இல்லை. சுகுணா வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாள். சேதி மட்டும் ராக்காயி வழியாக வந்துகொண்டிருந்தது. திருமுருகன் பாட்டிலைப் பூனைக்குப் பயந்து தோட்டத்துக்குப் போகும்போதும் கையோடு எடுத்துப்போகிறாராம். பம்புசெட்டு மேல் நிழலில் வைத்துவிட்டுத்தான் களை எடுப்பாராம். பொரிகடலையைப் பொடித்துப் போட்ட வனிதாவுக்குச் சரியான திட்டாம்.

"அம்புட்டுப் பாசமா?" என்று சுகுணா கண்ணை விரித்தாள்.

"பாசமாவது! ஒண்ணு செத்தாலும் கணக்குக் கொறஞ்சு போயிரும், தங்கச்சிக்குக் கடன்பட்டவனா நிக்க மாட்டேன்னு சொல்றாராம். ஒன் வீட்டுல ஒரு விசேஷம் வரட்டும்னு காத்துக்கிட்டிருக்காரு."

அப்படியென்றால் சரிக்குச் சரியாகத் திருப்பத்தான் போகிறார் என்று சுகுணாவுக்குப் பயம் பிடித்தது. ஆனாலும் காத்திருக்கவும் முடியவில்லை. மோட்டார் வைத்த புதுத் தையல் மெஷின் வாங்க வேண்டும் என்று ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டதை அந்த வாரமே வாங்கினாள். வாங்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி தேங்காய் உடைத்தாள். விசேஷம்தானே, வரட்டும்!

மறுநாள் முற்பகலில் வண்டி வந்தது. திருமுருகன் மொபெட்டில் முன்னால் தவிட்டு மூட்டை வைக்கிற இடத்தில் ஊறுகாய் பாட்டில், துண்டால் கட்டி, விழாமல் இரண்டு முழங்காலாலும் அணைத்தபடி. சாலை போடத் தோண்டிப் போட்டிருந்த தெரு. குலுங்கிக் குலுங்கி வந்து வீட்டுக்கு எதிரே நிறுத்தினார். இறங்கினார். கேட்டுக்கு வெளியே, ரோட்டிலேயே நின்றார்.

வாசல் மிதிக்க மாட்டேன் என்றவர் மிதிக்க மாட்டார். ஆனந்தராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நடுரோட்டில் போட்டான். திருமுருகன் நாற்காலியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். ரோடு பொதுச் சொத்து என்பதால் உட்கார்ந்தார். ராக்காயி வந்துவிட்டாள், எதிர்வீட்டுக்காரி வந்துவிட்டாள், தெருவே வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டது.

"மிசின் வாங்குனியாமே. இந்தா, ஒன் செய்முறை." பாட்டிலை மடியில் நிறுத்திக்கொண்டு சொன்னார். "மூணு வாங்குனேன். மூணு இருக்கு. எண்ணிக்க. ஆனைக்கும் பானைக்கும் சரி."

சுகுணா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லிச் சிரித்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. வீம்புக்கு மீனை அனுப்பி, இருந்த உறவையும் அறுத்துக்கொண்டோமே என்று இருந்தது.

அவள் இடுப்புப் பக்கமாக நுழைந்து அன்புமொழி ரோட்டுக்கு ஓடினாள். அவளுக்கு மாமனும் தெரியாது மரமும் தெரியாது, மீன் தெரியும். நேரே போய்ப் பாட்டிலில் மூக்கை ஒட்டினாள்.

"மூணு இல்ல," என்றாள். "குட்டி இருக்கு."

"எங்க?" என்றார் திருமுருகன். "பொறப்படும்போது நல்லா எண்ணித்தான் எடுத்தாந்தேன்."

"இங்கிட்டு. இந்தா, இங்கிட்டு ஒண்ணு. அதோ!"

மொபெட் குலுக்கிய குலுக்கலில் வயிற்றுக்காரி வழியிலேயே பெற்றுப் போட்டிருந்தாள். திருமுருகன் பாட்டிலைக் கண்ணுக்கு நேரே தூக்கினார். முகம் மாறியது. "குட்டியெல்லாம் கணக்குல வராது" என்று சொல்லப் போகிறார் என்று சுகுணா நினைத்தாள். அதைச் சொல்லவும் அவருக்கு உரிமை இருந்தது. அவரோ விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... நாலாவது போய் ரெண்டாவதோடு சேர்ந்துகொண்டது.

"தப்பு மாமா. அத ஏற்கெனவே எண்ணிட்டீங்க."

மறுபடி எண்ணினார். ஆறுவரை போய்க் குழம்பினார். வாகாகப் பார்க்க அன்புமொழி அவர் முழங்காலில் கை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, மடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை, பாட்டிலை மட்டும் அவளுக்குத் தெரிகிற மாதிரி இறக்கிப் பிடித்தார். இருவரும் தலையோடு தலை முட்ட எண்ணினார்கள். அவர் ஏழு என்றார், அவள் பன்னிரண்டு என்றாள். அவர் திரும்பிப் பார்க்கிறதற்குள் ஒன்று பெரிய மீனின் அடியில் போய் மறைந்தது. "அட எழவே, நில்லு ஒரு எடத்துல!" என்று குட்டியை அதட்டினார். ராக்காயி முதலில் சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. கடைசியில் அந்தக் கல்லு மனுசனுக்கும் மீசை துடித்து, தோள் குலுங்கி, வாய்விட்டு வந்தே விட்டது சிரிப்பு. சிரித்தால் அவரும் தொடையில்தான் அடித்துக்கொள்வார்.

"எத்தன கூட வெச்சேன்னு எனக்கே தெரியலையே, சுகுணா" என்றார்.

அவர் வாயில் அவள் பெயர் வந்து எத்தனை காலம் ஆயிற்று. சுகுணா அழுதுகொண்டே சிரித்தாள்.

"தெரியாட்டிப் போகுதுண்ணே. எத்தனைன்னு தெரிஞ்சாத்தான நான் திருப்பி முடிக்க முடியும்."

மடியில் இருந்த பிள்ளையின் தலைமுடி திருமுருகன் தாடையில் உரசிக்கொண்டிருந்தது. ஒரு கையால் முடியை ஒதுக்கியவர், அந்தச் சின்னக் காதைப் பார்த்தார். கட்டைவிரலால் தொட்டும் பார்த்தார். ஊருக்கே தெரிந்ததுதான், அவருக்கும் தெரியும். ஆனால் கிட்டத்தில் பார்த்ததில்லை.

"ஏன்த்தா இன்னும் குத்தல?" என்று கேட்டார்.

"மடி வரலண்ணே" என்றாள் சுகுணா.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. பாட்டிலைப் பிள்ளையிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஆசாரிய வரச் சொல்லு," என்றார். "நான் எந்திரிக்கல."